சோபனா பேசிய கேசட்

கேசட்டுக்குள் ஜெயப்பிரகாஷின் செல்போன் அடித்தது.

தொண்ணூற்றேழில் பதிவான கேசட் அது. அப்போது ஆம்பூரில் செல்போனை யார் கண்டார்கள்? அவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்த காலம். லீவில் வந்தபோது வாங்கி வந்த டூ-இன்-ஒன் ரேடியோ-கேசட் செட்டின் முன்னால் உட்கார்ந்து, எழுத வேண்டியதையெல்லாம் அவர் மனைவி சோபனா பேசியே பதிவு செய்து, தம்மாமுக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவளுடைய குரல் வேறு எங்கேயும் இல்லை. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கவில்லை, போனில் பேசியதை யாரும் பிடித்து வைக்கவும் இல்லை. இருந்தது இந்த ஒரு கேசட்தான்.

அதில் மாங்காய் ஊறுகாய் போட்ட கதையை அவள் சொல்லும் இடத்தில்தான் இப்போது செல்போன் மணி கேட்டது. அதன் பிறகு ஓர் இருமல். அதுவும் அவருடையதே.

செட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ரிப்பேர் கடை அப்துல் கஃபார் நேற்றே சொல்லியிருந்தார்.

"வேணாம் சார். ஹெட்டு, போர்டு எல்லாம் மாத்தணும், ஒம்பதாயிரம் ஆவும். இந்த செட்டுக்கு அது ஜாஸ்தி. உட்டுட்டுப் போங்க, பார்ட்ஸுக்கு நானே எடுத்துக்கறேன்."

"கேசட்டு மட்டும் கேக்கலாமா?"

"போடவே போடாதீங்க. பாடும்போதே அழிக்குது. ரூம்ல இருக்கற சத்தத்த மேல ஏத்துது."

ஷூ கம்பெனியில் இருபது வருடம் செக்கிங்கில் இருந்த மனிதர் ஜெயப்பிரகாஷ். தையலைப் புரட்டிப் பார்க்காமல் ஒரு ஜோடியைக்கூட விட்டதில்லை. வருகிற காசை வேண்டாம் என்கிற மெக்கானிக்கை அவர் எப்படி நம்புவார்? செட்டைச் சும்மா அமுக்கப் பார்க்கிறான் என்றுதான் முடிவு கட்டினார். வீட்டுக்குக் கொண்டு வந்தார். இன்று காலையில் கேசட்டைப் போட்டு, சோபனாவின் குரலைப் பத்து நிமிடம் ஆசை தீரக் கேட்டார். நடுவில் மகள் பூர்ணிமா ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். அந்த மணிதான் இது.

கஃபார் சொன்னது உண்மை. அந்தப் பத்து நிமிட சோபனா போய்விட்டாள். தன் சந்தேகப் புத்தியைத் தானே திட்டிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருமலுக்குப் பிறகு, ஃபேனின் கிறீச் சத்தத்துக்கு அடியில், நாற்காலி முனகலுக்கும் அப்பால், வெகு தூரத்தில், சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் மெல்ல வந்தது.

"மாங்... மாங்கா... நல்லா... புளிப்புங்க..."

அழிந்துபோன அதே வார்த்தைகள். பழைய பதிவின் மிச்சம் என்று நினைக்க முடியவில்லை. இந்த வீட்டுச் சமையலறையின் எதிரொலி அதில் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாடம் படிப்பதுபோல எழுத்துக் கூட்டிச் சொன்னது.

செட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தார். சமையலறையில் கவிழ்த்த பாத்திரங்கள், மூடிய ஜன்னல், மத்தியான வெயில். பின்கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான் டிவி வைத்திருப்பாளோ என்று சுவரில் காதை வைத்தார். அவர்கள் நேற்றே குடும்பத்தோடு வேலூர் போனது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வாடை மட்டும் இருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை ஊருக்கே பழக்கம்தான், ஆனால் அது காற்றில் வரும். இது அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. உப்புப் போட்டு அடுக்கிய, இன்னும் பதப்படாத ஈரத்தோலின் வாடை.

கஃபார் ஏதோ விளையாட்டுக் காட்டியிருக்கிறானா? அதையும் பார்த்துவிடுவோம் என்று ரீவைண்ட் செய்து மறுபடி போட்டார்.

இந்த முறை கேசட்டில் இருந்தது சற்றுமுன் அவர் உட்கார்ந்திருந்த அதே மத்தியானம். ஃபேன். அவருடைய மூச்சு. பிறகு வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். சமையலறையிலிருந்து கூடத்துக்கு. நின்றது. நாற்காலியின் முதுகுக்குப் பின்னால்.

"மாங்கா நல்லா புளிப்புங்க. நீங்க வர்ற வரைக்கும் கெடாது."

திக்கவில்லை. திணறவில்லை. சோபனாவேதான்.

அவருக்குக் கண் கலங்கியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இங்கே ஒவ்வொரு வார்த்தை அழியும்போதும் அங்கே அந்தக் குரலுக்கு ஒவ்வொன்றாகத் தேறுகிறது.

நிறுத்தினார். ஒன்பதாயிரமோ பத்தாயிரமோ, கொடுத்துவிட வேண்டியதுதான். நாளைக்கே. மிச்சமிருக்கும் இருபது நிமிட சோபனாவையாவது காப்பாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கினார். செட்டின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அறை அமைதியானது.

ஈரத்தோல் வாடை.

கிட்டத்தில்.

"மிச்சத்தயும் போடுங்க."

அந்தக் கேசட்டின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மனப்பாடம். இது அதில் எங்கேயும் இல்லை.

"இன்னும் கொஞ்சந்தான் கத்துக்கணும்."

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தோரம் குளிர்ச்சியாக மூச்சு பட்டது. அவர் தோளுக்கு மேலாக ஒரு கை மெதுவாக நீண்டு வந்தது. மாநிறம். மெலிந்த மணிக்கட்டு. ஆள்காட்டி விரலை பிளே பட்டன் மேல் வைத்து அழுத்தியது. பிளக் பிடுங்கிய செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, கேசட் சுற்ற ஆரம்பித்தது.

சோபனாவின் விரல்தான். நகம் மட்டும் இன்னும் வரவில்லை.