வலது கைத் தழும்பு

போர்வையை உதறியபோது கறுப்பு நூல் துண்டுகள் உதிர்ந்தன. தையல்காரி வீட்டில் நூலுக்கா பஞ்சம் என்று அவள் கூட்டித் தள்ளத்தான் போனாள். ஒன்றை எடுத்து விரலில் உருட்டியதும் கை நின்றுவிட்டது. பருத்தி நூல் இல்லை. தூண்டில் நரம்பைப் போல வழவழவென்று, ஒரு முனையில் முடிச்சோடு இருந்தது. அவள் போடுகிற முடிச்சு இல்லை அது.

கட்டிலில் கணவர் தலையணைமேல் காலை உயர்த்தி வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இதயத்துக்கு வேண்டிய ரத்தக்குழாயை இடது காலிலிருந்து எடுத்திருந்தார்கள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தையல். "சிவப்பு, சூடு, வீக்கம், இந்த மூணையும் தினமும் பாருங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவளும் சட்டைக்கு அளவெடுக்கிற டேப்பால் காலைச் சுற்றி அளந்து, இறுக்கமான காலுறையை மாட்டி, மார்போடு தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவந்தாள். நேற்றுக்கூடக் கால் கொதித்தது. இன்று காலுறையை இறக்கினால் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. தையல் போட்ட தடமும் இல்லை.

தையல் பிரிக்க வந்த நர்ஸ், பிரிக்க எதுவும் இல்லாமல் நின்றாள்.

"யாரும்மா பிரிச்சது?"

"யாரும் தொடலைங்க. தானா விழுந்திருக்கு."

நர்ஸ் ஒரு காலைத் தடவினாள், பிறகு மற்றதை. "எந்தக் கால்னு எனக்கே தெரியலையே" என்று சிரித்தாள். பையை மூடும்போது அந்தச் சிரிப்பு போயிருந்தது. "நாளைக்குப் பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்துடுங்க."

அவள் கூட்டிப் போகவில்லை. ஆறவேண்டும், ஆறவேண்டும் என்றுதானே ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து அழுதாள்? ஆறிவிட்டது. இனி அதைக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டாள். அவரோ எழுந்து நடந்தார், ஜன்னலோரம் நின்று சீட்டியடித்தார். மகள் போன நாளிலிருந்து சீட்டியடிக்காத வாய் அது.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வீடு இருண்டு, தகரக் கூரையில் மழைச் சத்தம் ஓயாமல் கொட்ட, தலையணை உறையைக் கழற்றியவளுக்கு ஈர இரும்பின் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே கம்பித் துண்டுகள். பிளந்த மார்பெலும்பை இழுத்துக் கட்டிய கம்பிகள். ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும் என்று டாக்டர் சொன்னவை. முறுக்குக்கூடக் கலையவில்லை.

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். மார்பு மழமழவென்று இருந்தது.

சட்டென்று வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கவேண்டும். மகள் தவழுகிற வயதில் இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்தபோது, பிள்ளை தலையில் அது விழாமல் இவர் கையைக் கொடுத்துத் தாங்கியதில் வந்த தழும்பு. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகு, சாயங்காலம் தவறாமல் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அழமாட்டார். தடவுவார்.

தழும்பு இல்லை.

"என்னங்க... நம்ம குட்டிம்மா..."

"எந்தக் குட்டிம்மா?"

சுவரிலிருந்த படத்தைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். மரியாதையாகப் பார்த்தார்.

"லட்சணமா இருக்கா. யார் வீட்டுப் பொண்ணு?"

இத்தனை வருஷம் இரண்டு பேர் சேர்ந்து சுமந்த பிள்ளை. ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் அது பாதிப் பிள்ளைதான். அவளும் போய்விட்டால் அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை.

முன்னறைக்குப் போனாள். தையல் மிஷின் பக்கத்தில் மேஜை. இஸ்திரிப்பெட்டி. சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது.

"இப்படி வந்து உட்காருங்க. கையைக் குடுங்க."

கொடுத்தார்.

அவர் அலறியது மழையையும் மீறிக் கேட்டது. பொசுங்குகிற வாடை. பிறகு அந்த அலறல் நடுவிலேயே உடைந்தது.

"வயரை விடு செல்லம்... விடுடா குட்டிம்மா..."

பெட்டியைத் தூக்கினாள். அவர் அவளைப் பார்த்தார். பழைய பார்வை. "எப்படிடி மறந்தேன்? பெத்த பிள்ளையை எப்படி மறந்தேன்?"

அவரைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவர் தோளுக்குமேல் அந்தக் கையைப் பார்த்தாள். கொப்புளம் அமுங்கியது. சிவப்பு வெளுத்தது. வழவழவென்று தோல். அவர் விசும்பல் பாதியில் நின்றது. கன்னத்தில் ஈரம் ஏன் என்று புரியாமல் அவர் துடைத்துப் பார்த்துக்கொண்டார்.

அவள் மறுபடியும் வைத்தாள்.

இந்தத் தடவை அவர் அலறவில்லை. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காத."

"வேகுதுங்க..."

"எடுக்காதடி. என்னமோ சொல்றா. கேட்டுக்கறேன்."

புகை. கண்ணீர் வழிகிற முகத்தில் சிரிப்பு. பெட்டிக்கு அடியில் புதுத்தோல் வளர்ந்து வளர்ந்து மேலே முட்டியது. அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள்.