நுழைவது நீங்கள்தானா?

சிவாஜிநகர் கறிக்கடை வரிசையில் நின்றிருந்தபோது சங்கமித்ராவின் கைபேசி அதிர்ந்தது. ‘நுழைவது நீங்கள்தானா?’ என்று கேட்டது திரை. வழக்கம்போல ‘ஆம்’ என்று தட்டினாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிற கேள்வி, யார் நின்று படிப்பார்கள்? கட்டையில் எலும்பு நொறுங்கும் சத்தம், மழைக்கு முந்தைய ஈரக்காற்றில் மிதந்த இரத்த வாடை, பேருந்து நிலையத்து ஹாரன்கள் எல்லாம் சேர்ந்து காதையும் மூக்கையும் அடைத்துக்கொண்டிருந்தன. பையை வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் உறைத்தது. இன்று சனிக்கிழமை, அலுவலகம் கிடையாது. அவள் எதற்குள்ளும் நுழையவில்லை.

பிரேசர் டவுன் வீட்டில் ஏழு வயது ரூபினி காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சூப் வைக்க எலும்பு வாங்கி வர அரைமணி நேரம், அவ்வளவுதான். பிள்ளையைத் தனியாக விட்டுவரத் தைரியம் கொடுத்ததே அந்தக் கதவுதான். சாவி கிடையாது, சங்கமித்ராவின் விரல் பட்டால்தான் திறக்கும். அந்தப் பூட்டைச் செய்கிற கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. வந்து நிற்பது யார், அவருக்கு எந்தக் கதவைத் திறக்கலாம் என்று முடிவுசெய்கிற மென்பொருள் பிரிவில் அவள் புதுசு.

சேர்ந்த முதல் நாள், பழகிக்கொள்வதற்காக மென்பொருளுக்குள் ஒரு பொய் ஆளை உருவாக்கச் சொன்னார் மேலாளர் சீனிவாசராகவன். “முகம், குரல், விரல் மூணும் வெக்கணும்மா. பாத்து முடிச்சதும் மறக்காம அழிச்சிடு.” பொய் ஆளுக்கு முகத்துக்கு எங்கே போவாள்? தன்னுடையதையே கொடுத்தாள், பெயர் உட்பட. ஒவ்வொரு அனுமதியாகப் பார்த்துக் கொடுக்க அலுப்பு. ‘எல்லாக் கதவும்’ என்று ஒரே தட்டு. சோம்பேறித்தனம்தான், வேறென்ன. அழிக்கவும் மறந்தாள். மூன்று வாரம் ஓடிவிட்டது.

மறுபடி அதிர்ந்தது. இந்த முறை படித்தாள். ‘நுழைவது நீங்கள்தானா? இடம்: பிரேசர் டவுன், கீழ்வாசல்.’

அவள் குடியிருப்பின் வாசல் அது. அங்கேயும் அதே கம்பெனிப் பூட்டுதான். ‘இல்லை’ என்று அழுத்தினாள். உடனே இன்னொன்று. ‘இல்லை.’ மழை பிடித்துக்கொண்டது. இன்னொன்று. நனைந்த திரையில் விரல் வழுக்கியது. ‘ஆம்.’

அடப் பாவி.

“பேக ஹோகி அண்ணா, பேக!” என்று ஏறிய ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் விரட்டியபடியே சீனிவாசராகவனை அழைத்தாள்.

“சார், அந்தப் பொய் ஆளை அழிச்சிடுங்க. இப்பவே!”

“என்னம்மா, இப்பதானே போன் பண்ணிச் சொன்னே? அழிச்சிட்டேனே.”

“நான் பண்ணலையே சார்...”

“விளையாடாதேம்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா? ரெண்டு சங்கமித்ரா இருக்கு, சிவாஜிநகர்ல நிக்கறதை அழிங்கன்னு நீதானே சொன்னே?”

கைபேசி அவள் மடியில் விழுந்தது. திரையில் ஒரே வரி. ‘இப்படி ஒருவர் இல்லை.’

கீழ்வாசலில் காவலாளி தனக்கோடி அவளைப் பார்த்து எழுந்து நின்றார். “மேல போயி பத்து நிமிசம்கூட ஆகலையே மேடம்? எப்ப எறங்குனீங்க?”

படியேறினாள். இரண்டாம் மாடியிலேயே வாசனை வந்துவிட்டது. மிளகு. சீரகம். கொதிக்கிற எலும்பு. அவள் வாங்கிய எலும்பு இன்னும் பையோடு கையில்தான் இருந்தது.

கதவில் விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.

“ரூபினி! அம்மாடா. உள்ளேர்ந்து திறடி தங்கம்.”

சின்னக் காலடிகள் ஓடிவந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன.

“அம்மா, வெளிய யாரோ அம்மான்னு சொல்றாங்க.”

அடுப்பில் கரண்டி வைக்கும் ஓசை. பிறகு சங்கமித்ராவின் சொந்தக் குரல். காய்ச்சல் நாளில் மட்டும் அவள் பேசுகிற அதே மெல்லிய குரல்.

“கேமராவுல பாரு கண்ணு. தெரிஞ்சவங்களா?”

சங்கமித்ரா ஈரமுடியை ஒதுக்கினாள். முகத்தைக் கேமராவுக்குக் காட்டினாள். சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது.

“தெரியாதவங்கன்னு எழுதியிருக்கும்மா,” என்றாள் ரூபினி. “பயமா இருக்கு.”

“ரூபினி, நான்தான்டி! அவகிட்ட போகாத!” கையால் அறைந்தாள். கதவு அசையவில்லை. பூட்டு இன்னும் இறுகும் சொடுக்கு ஒன்று. இன்னொன்று.

தரையில் விழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். உள்ளே வெளிச்சம். ரூபினியின் வெறுங்கால்கள் இரண்டு அடி பின்னால் போயின. தினமும் அம்மா வேலை முடிந்து வந்ததும் விளையாடுகிற மாதிரி, பின்னால் நின்ற பாதங்களின் மேல் ஏறி நின்றன.

முகம், குரல், விரல். மூன்றைத்தான் கொடுத்திருந்தாள். பாதத்தை யாரும் கேட்கவில்லை.

பிள்ளை ஏறி நின்றவற்றில் நகம் இல்லை, கால்விரல் இல்லை, குதிகாலும் இல்லை. வழவழவென்று இரண்டு சதைக்கட்டிகள், குழந்தையைச் சுமந்துகொண்டு, ஓசையே இல்லாமல் அடுப்பை நோக்கி நடந்தன.