கான்ஸ்டலேஷனுக்கு வெள்ளை அடித்த பிறகு

பனிமூட்டத்தால் பெங்களூரு விமானம் மூன்றரை மணி நேரம் தாமதம். ஜோஸ்லின் ஜனக்புரி வந்து சேர்ந்தபோது நண்பகலாகியும் தெரு வெள்ளையாகவே இருந்தது. பால்கனியில் நின்ற மார்கரெட்டுக்கு டாக்ஸி தெரியவில்லை. "பஸ் பையா, இதர் ஹீ" என்று வண்டியை நிறுத்தச் சொல்லும் குரல்தான் முதலில் வந்தது. ஆள் பிறகு வந்தாள்.

"காதக் கட்டாம வந்திருக்க பாரு. ஜல்தி மேல ஏறு."

"டீ போட்டாதான் ஏறுவேன் அத்தை."

"போட்டு ஆறியே போச்சு. உன் ப்ளேன் லட்சணம் அப்படி."

ஜோஸ்லின் சிரித்துக்கொண்டே படியேறினாள். அண்ணன் லூர்துராஜின் ஒரே மகள். மார்கரெட்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அறுபத்தெட்டு வயதில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இவள் ஒருத்திதான் மிச்சம். டிசம்பரில் அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே வேலைக்குத் திரும்பிப் போனவள், இப்போது இரண்டு காரியத்துக்காக வந்திருந்தாள். அப்பா செதுக்கிய விமானங்களைக் கட்டி எடுத்துப் போக வேண்டும். அத்தையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"உங்க ரூம் ரெடி. ஜன்னல் தெக்கப் பாத்து இருக்கு. இந்தக் குளிர்ல இனி ஒரு நாள்கூட இருக்க வேணாம்" என்றாள், டீயை ஊதிக்கொண்டே.

மார்கரெட் தலையை ஆட்டினாள். அந்த அறையை வீடியோவில் பார்த்திருக்கிறாள். தூக்கம் வராதபோதெல்லாம் அதை நினைத்துக்கொள்வாள்.

லூர்துராஜ் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு மரத்தில் விமானம் செய்தார். முழத்துக்குக் குறையாத நீளம், எல்லாம் தேக்கு. டகோட்டா, கான்கார்ட், முதுகு புடைத்த ஜம்போ என்று பதினொன்று. ஒவ்வொன்றின் ஜன்னலையும் எண்ணித்தான் போடுவார். மனைவி போன பிறகு தங்கையோடு வந்து தங்கினார். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏதாவது வேண்டுமென்றால் ஒரு தேக்குத் துண்டால் மேசையைத் தட்டுவார். மூன்று தட்டு தட்டினால், வா என்று அர்த்தம்.

பின்பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்ததுதான் அவருடைய அறை. டிசம்பர் பதினாறிலிருந்து சாத்திக் கிடந்த கதவை ஜோஸ்லின் திறந்தாள்.

பெயின்ட் வாசனை அடித்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆன வாசனை அல்ல. நேற்று டப்பா திறந்த வாசனை.

"நீங்க இங்க வரவே இல்லையா அத்தை?"

"எதுக்கு வரணும்? தூசி."

இருவரும் விமானங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கூடத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தார்கள். உண்மையில் ஜோஸ்லின்தான் தூக்கினாள். மார்கரெட் கதவருகில் நின்று வாங்கினாள். அறையில் மேசையும் நாற்காலியும் மட்டும் மிஞ்சின. மார்கரெட் கதவைச் சாத்தினாள். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

ஜோஸ்லின் தரையில் உட்கார்ந்து குமிழ் வைத்த பிளாஸ்டிக் உறையைக் கான்கார்டின் மூக்கில் சுற்றினாள்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு அத்தை? போன்ல அழுதுட்டே சொன்னீங்க, எனக்கு ஒண்ணும் சரியா ஏறலை."

இதற்குப் பதில் தயாராக இருந்தது. டாக்டரிடம் சொன்ன பதில். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலில் நின்றும் சொன்ன பதில்.

"மூணு மணி இருக்கும். படுத்திருந்தேன். டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. உளியக் கொட்டாப்புளியால தட்டுறாருன்னு நெனச்சேம்மா. எப்பவும் கேக்குற சத்தந்தானே. நாலரைக்கு டீ கொண்டுபோறேன், தலை மேசை மேல கெடக்கு."

டொக். டொக். டொக்.

ஜோஸ்லின் நிமிர்ந்தாள்.

"என்னது அது?"

"குளிருல்ல. மரம் சுருங்கும். சத்தம் போடும்."

"அச்சா." ஜோஸ்லின் சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மரம் மூணு மூணாவா சத்தம் போடும்?"

மார்கரெட்டுக்கு இது முதல் தடவை அல்ல. முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, கீழ்வீட்டு இந்திராணியிடம் இதே பதிலைச் சொன்னபோதும் கேட்டது. அதிலிருந்து அவள் யாரிடமும் அந்த நாளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். பேசாத வரை வீடு அமைதியாக இருந்தது.

தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிர்ந்தது.

உறை சுற்றக் கடைசியாக மூன்று வாலுள்ள கான்ஸ்டலேஷன் வந்தது. அவர் முடிக்காமல் விட்ட விமானம். உடல் முழுக்க வழுவழுவென்று வெள்ளை. ஜன்னல் இன்னும் போடவில்லை, அதனால் குருட்டு மீன் போலிருந்தது. ஜோஸ்லின் அதன் தாங்கியைத் திருப்பினாள். அடியில் பென்சில் எழுத்து. எந்த வேலை முடித்தாலும் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கும் மெக்கானிக் பழக்கம் லூர்துராஜுக்குக் கடைசிவரை போகவில்லை.

அவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். விரல் வைத்துப் படித்தாள்.

"உளி முடிந்தது, நவம்பர் இருபத்தெட்டு. உப்புத்தாள், டிசம்பர் ஒன்பது. வெள்ளை முதல் கோட், டிசம்பர் பதினஞ்சு."

அவள் குரல் இறங்கிவிட்டது.

"அத்தை."

"சொல்லு."

"பதினாறுதானே பப்பா போனது."

மார்கரெட்டின் கை முந்தானையைத் தேடியது.

"வெள்ளை அடிச்சு ஒரு நாள்தான் ஆயிருக்கு. கோட் காயுற வரைக்கும் ரூமைப் பெருக்கக்கூட விடமாட்டாரு, தூசி ஒட்டும்னு. உங்களுக்கே தெரியும். அன்னைக்கு எந்த உளி? எந்தக் கொட்டாப்புளி?"

"வேற கட்டை ஏதாவது..."

"அவர் ஒண்ணு முடிக்காம இன்னொண்ணு தொடமாட்டாரு."

டொக். டொக். டொக்.

இந்த முறை இருவரும் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க நர்ஸ்" என்றாள் ஜோஸ்லின் மெல்ல. "வார்டுல பெல் அடிச்சா சாப்பாட்டுக் கையோட ஓடுவேன்னு சொல்லுவீங்க. அது அவர் கூப்பிடுற தட்டுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?"

தெரியவில்லை என்று இன்னொரு முறை சொல்லலாம். தெற்கு ஜன்னல் வைத்த அறை ஒரு சொல் தூரத்தில் இருந்தது. சொன்னால் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடி கேட்கும். பெங்களூருக்கும் கூட வரும்.

"தெரிஞ்சுது."

வீடு அமைதியாக இருந்தது.

"காலையிலேர்ந்து ஒம்போது தடவை கூப்பிட்டாரு. லைட்டைத் திருப்பு. டப்பா மூடியத் தொற. ஜன்னலச் சாத்து, தொற, மறுபடி சாத்து. முப்பத்தி நாலு வருஷம் மணிக்கு ஓடினவம்மா நான். ரிட்டயர் ஆகியும் ஓடணுமான்னு ஒரு ஆத்திரம். அப்பதான் ரஜாய்க்குள்ள சூடு புடிச்சிருந்துச்சு. தட்டட்டும்னு காது வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டேன்."

ஜோஸ்லின் அழவில்லை. கான்ஸ்டலேஷனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை தட்டினாரு?"

"நான் எண்ணலை."

டொக். டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக். டொக். டொக்.

மார்கரெட் எழப் போனாள். ஜோஸ்லின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"உக்காருங்க. அன்னைக்குக் கேக்கலைல்ல. இன்னைக்குக் கேளுங்க."

ஜோஸ்லின் மற்றக் கையில் விரல் மடக்கி எண்ணினாள். தட்டல் முதலில் பொறுமையாக வந்தது. பிறகு அவசரமாக. பிறகு கட்டை மேசையில் வழுக்கியது போல ஓர் இழுபட்ட சத்தம். இடைவெளிகள் நீண்டன. பெயின்ட் வாசனை கூடத்துக்குள் வந்து நின்றது.

மார்கரெட்டுக்கு அந்த ஒழுங்கு தெரியும். மார்பு வலி வந்தவர்கள் கட்டில் கம்பியைத் தட்டுவது இப்படித்தான். எத்தனை பேரிடம் ஓடியிருக்கிறாள். முதல் ஐந்து நிமிடத்தில் போயிருந்தால் போதும். அண்ணனுக்கு அதற்கு மேலும் நேரம் இருந்திருக்கிறது. இருபது நிமிடம் இருந்திருக்கிறது.

டொக். டொக்.

மூன்றாவது வரவில்லை.

"பதினேழு" என்றாள் ஜோஸ்லின். அவள் உதடு வெளுத்திருந்தது. மணிக்கட்டை விட்டாள். "இப்பப் போங்க. நான் வரமாட்டேன். நீங்க போங்க."

மார்கரெட் போனாள். ஏழெட்டு அடிதான். கதவு தள்ளியதும் திறந்தது.

"கூப்பிட்டீங்களாண்ணே?"

கண்ணாடிக்கு அப்பால் பனி. மேசை காலியாக இருந்தது. நாற்காலி பின்னுக்குத் தள்ளியிருந்தது, மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் தள்ளுகிற மாதிரி.

அந்த அறையில் ஹீட்டர் கிடையாது. அவள் மூச்சே அவள் முன்னால் புகையாக நின்றது. குனிந்து, நோயாளியின் நெற்றியைத் தொடுவது போலப் புறங்கையை நாற்காலியின் இருக்கையில் வைத்தாள்.

மனித உடம்பின் சூடு.

அவள் கையை எடுக்கவில்லை. அது கைக்கடியில் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.