பாட்டுக்காரியின் கட்டைவிரல்

வீட்டில் அவளை உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் வைத்த பெயர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், அதனால்தான். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் பொருத்தம் என்னவோ நூற்றுக்கு நூறு.

அன்று ஐந்தாம் வகுப்பே மிருகக்காட்சிசாலையில் இருந்தது. ஆளுக்கு ஒரு குரங்கு, ஆளுக்கு ஒரு தாள். தாளில் முப்பது கட்டங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, குரங்கு அப்போது என்ன செய்கிறதோ அதை எழுத வேண்டும்.

"ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது" என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

உடும்புக்குக் கிடைத்தது வயதான ஒரு கிப்பன். வாலில்லாத குரங்கு. கைகள் கால்களைவிட நீளம். பலகையில் அதன் பெயர் 'பாட்டுக்காரி' என்று எழுதியிருந்தது. ஆனால் அது பாடவும் இல்லை, ஆடவும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தரையில் குந்தியிருந்தது.

'உட்கார்ந்திருக்கிறது' என்று ஏழு கட்டங்களில் எழுதினாள்.

அவள் வகுப்பு வாயாடி ஒருவன் எட்டிப் பார்த்தான். "முப்பதுலயும் அதையே எழுதிட்டு வா, ஐஸ்கிரீம் சாப்பிடப் போலாம். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்க்கணும்ல?" என்றாள் உடும்பு.

எட்டாவது கட்டத்தின்போது பாட்டுக்காரி எழுந்தது. குறுக்கே கட்டியிருந்த தடிமனான கயிற்றை எட்டிப் பிடித்தது. வழுக்கியது. பேசாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டது. பதினோராவது கட்டத்திலும் அதே கதை. பதினாலிலும்.

அப்போது காப்பாளர் வாளியோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"மாமா, இது ஏன் மேலே போக மாட்டேங்குது?"

"பதினஞ்சு நாளா இப்படித்தாம்மா. பாட்டும் போச்சு, ஆட்டமும் போச்சு. நாளைக்கு டாக்டர் வந்து மயக்க ஊசி போட்டுப் பரிசோதிக்கப் போறாரு. இந்த வயசுல அந்த ஊசியைத் தாங்குமான்னு அவருக்கே பயம்."

உடும்பு தாளிலிருந்து நிமிர்ந்தாள். "பதினஞ்சு நாளைக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே. பழைய மெல்லிசுக் கயிறு நைஞ்சு போயிருந்துச்சு. பாவம், விழுந்துடுமேன்னு மாத்தினேன். கப்பலையே கட்டி வைக்கிற கயிறு! நானே தொங்கிப் பார்த்துட்டுத்தான் கட்டினேன். அப்படி ஒரு பிடி!"

பாட்டுக்காரி நகர்ந்து வந்து கண்ணாடியில் கையை ஊன்றியது. இந்தப் பக்கம் அவளும் தன் கையை வைத்தாள். நான்கு விரல்கள் நீள நீளமாக இருந்தன. கட்டைவிரலைக் காணோம்! தேடிப் பார்த்தால், கீழே மணிக்கட்டை ஒட்டி, பஸ்ஸில் இடம் கிடைக்காதவர் போல ஒதுங்கி நின்றது.

"மாமா, மிச்சக் கயிறு இருக்கா?"

"பின்னால துண்டு காயப் போடக் கட்டியிருக்கேன். ஏன்?"

"ஒரே ஒரு தடவை தொங்கிக் காட்டுங்களேன்."

அவர் அவளைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். துண்டை எடுத்துவிட்டு, கயிற்றை இறுகப் பிடித்துத் தொங்கினார். "பார்த்தியா? கெட்டி!"

"இப்போ கட்டைவிரலை எடுத்துடுங்க. மத்த நாலு விரலை மட்டும் கொக்கி மாதிரி மாட்டுங்க."

"அப்படி யாராவது தொங்குவாங்களா?"

"பாட்டுக்காரி அப்படித்தான் மாமா தொங்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரல்களை எடுத்தார். அடுத்த நொடி, கீழே இருந்த முட்டைக்கோஸ் கூடைக்குள் தொப்பென்று உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவே இல்லை.

"அடக் கடவுளே, என் கையை வெச்சுல்ல அளந்திருக்கேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "வேற கயிறு கேட்டா வர ஒரு வாரம் ஆகும். டாக்டர் நாளைக்கே வர்றாரே!"

உடும்பு கயிற்றின் வெட்டுப்பட்ட நுனியைப் பார்த்தாள். மூன்று புரிகள் முறுக்கு விட்டுப் பிரிந்து நின்றன.

"இதுக்குள்ளயே மூணு கயிறு இருக்கு மாமா."

காப்பாளர் கூடையிலிருந்து துள்ளி எழுந்தார்.

இருவரும் உட்கார்ந்து முறுக்கைப் பிரித்தார்கள். உடும்பின் உள்ளங்கைகள் சிவந்து எரிந்தன. விடவில்லை. நடுநடுவே தாளைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்கு ஓடினாள், எழுதினாள், திரும்பி ஓடி வந்தாள். காப்பாளர் பாட்டுக்காரியை உள்ளறைக்கு அனுப்பி, கதவைப் பூட்டிவிட்டு, பெரிய கயிற்றை அவிழ்த்துப் புரியைக் கட்டினார். 'உள்ளறையில் பப்பாளி தின்கிறது' என்று இருபத்தேழாவது கட்டத்தில் எழுதினாள்.

"எல்லாரும் பஸ்ஸுக்கு வாங்க!" டீச்சர் தேடி வந்துவிட்டார்.

"இன்னும் மூணு கட்டம் இருக்கு டீச்சர்!"

டீச்சருக்கு அவளைத் தெரியும். பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

பாட்டுக்காரி வெளியே வந்தது. புதுக் கயிற்றை அண்ணாந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. உடும்பு அதையும் எழுதினாள்.

பிறகு ஒரு கை மெதுவாக மேலே போனது. நான்கு விரல்கள் கயிற்றில் வளைந்து மாட்டின. வழுக்கவில்லை. அடுத்த கை. அடுத்தது. கூண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வீச்சு! உச்சியில் போய் உட்கார்ந்து, வாயைக் குவித்து, 'ஊஊஊ' என்று அது எடுத்த எடுப்பில், டீச்சர் பின்னால் வந்து நின்ற வாயாடியின் ஐஸ்கிரீம் கீழே விழுந்தது.

"டாக்டருக்கு இப்பவே போன் போடுறேன்" என்றார் காப்பாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊசியை அவரே வெச்சுக்கட்டும்!"

பஸ்ஸில் டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் சரி. முப்பதாவது கட்டம் மட்டும் ஏன் காலியா இருக்கு?"

உடும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ நான் கை தட்டிட்டு இருந்தேன் டீச்சர்."

டீச்சர் அவளுடைய பென்சிலை வாங்கி, அந்தக் கட்டத்தில் தானே எழுதினார்: 'பாடுகிறது.'