எண் இல்லாத எலும்புப் பெட்டி

எலும்பறைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நல்லது எதுவும் அவளுக்காகக் காத்திருந்ததாகச் சரித்திரமே கிடையாது. இயன்முறை மருத்துவ வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது, அவளுக்கு முப்பத்தாறு. சேர்ந்த அன்றைக்கே பிள்ளைகள் அவளுக்குப் பெரியக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்ததோடு சரி. தேர்வுக்குப் படிக்க எலும்புப் பெட்டி வாங்க ஓடும்போது பெரியக்காவுக்காக ஒருத்தரும் நிற்கவில்லை.

"காலையிலேயே அள்ளிட்டுப் போயிட்டாங்கம்மா. நீ எங்க போயிருந்தே?" என்று கேட்டாள் சாவியம்மா. இருபது வருஷமாக அந்த அறையின் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்குகிறது.

"அண்ணன் போன் பண்ணியிருந்தான்."

"நல்ல நேரம் பாத்துப் பேசினே போ."

அண்ணன் பேசியதும் நல்லதாக இல்லை. ரெண்டு தடவை எலும்பு வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், கோட்டை விட்டாகிவிட்டது, மூன்றாவது தடவையும் பாஸாகவில்லை என்றால் படிப்பும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம், பேசாமல் மாப்பிள்ளையோடு போய்ச் சேரு என்றான். அவரும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வாராம். பொறுத்துக்கொண்டது அவள் புருஷன் இல்லை, இவளுடைய இடது கை. அது இன்றைக்கும் மழை வந்தால் வலிக்கும்.

சாவியம்மா மனசு கேட்காமல் குனிந்து, உடைந்துபோன பிளாஸ்டிக் மாடல் கால்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மரப் பெட்டியை இழுத்தாள். மற்ற பெட்டிகளில் சிவப்புப் பெயிண்டில் எண் இருக்கும். இதில் எதுவும் இல்லை.

"பதிவேட்டிலயும் காணோம். யாரு வெச்சாங்களோ. சரி, எடுத்துட்டுப் போ. வைவா அன்னிக்குக் காலையில என் கைக்கு வந்துடணும்."

பெரியக்கா மூடியைத் திறந்தாள். எலும்பறைப் பெட்டிகளில் பிளீச்சிங் வாசனை அடிக்கும்.

இதில் ஈர மண் வாசனை அடித்தது.

விடுதி அறையில் கூட இருந்த மூன்று பெண்களும் படிப்பு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். மத்தியானமே வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. கட்டிலில் பழைய போர்வையை விரித்து எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு கை, ஒரு கால், இரண்டும் இடது பக்கம். மேற்கையில் ஹ்யூமரஸ், முன்கையில் ரேடியஸும் அல்னாவும், கம்பியில் கோத்த கைவிரல்கள். தொடைக்கு ஃபீமர், அதற்குக் கீழே டிபியா, ஃபிபுலா, பாதம். முழங்கால் சில்லு மட்டும் இல்லை.

துறையில் இருக்கிற பெட்டிகளில் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. ஒருத்தர் தொடை, இன்னொருத்தர் கால், யாரோ ஒருத்தர் கை என்று கலந்து கட்டியிருக்கும். இந்தப் பெட்டியில் அல்னாவின் கொக்கி ஹ்யூமரஸின் உருளையில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஃபீமரை டிபியா மேல் வைத்தால் இம்மியும் ஆடவில்லை. எல்லாம் ஒரே ஆள். ஒடிசலான, உயரம் குறைந்த ஆள்.

எலும்பைப் பார்த்து இடமா வலமா என்று சொல்வதில்தான் அவள் ஒவ்வொரு தடவையும் மண்ணைக் கவ்வினாள். துறைத் தலைவர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். அதனாலேயே மாணவர்கள் அவருக்கு 'எந்தப்பக்கம் சார்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவருடைய கோட்டுப் பையில் எப்போதும் ஒரு முழங்கால் சில்லு இருக்கும். அதன் கூர்முனை எதிர்ப்பக்கம் பார்க்க, மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுப்பார். வலது சில்லு வலப்பக்கம் சாயும், இடது சில்லு இடப்பக்கம் சாயும். அவருடைய சில்லு இடது. வருஷக்கணக்காகத் தடவித் தடவி அது வழுவழுவென்று ஆகியிருந்தது.

முதல் நாள் ஹ்யூமரஸைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "தலை உள்பக்கம், பள்ளம் முன்பக்கம், அப்போ இது வலது" என்றாள்.

டக்.

யாரோ சொடக்கு எடுத்த சத்தம். கண்ணைத் திறந்தாள். அறையில் ஒருத்தரும் இல்லை. கம்பியில் கோத்த கை போர்வைமேல் கிடந்தபடியே கிடந்தது. எலும்பைத் திருப்பிப் பார்த்தாள். பள்ளத்தைப் பின்பக்கமாகப் பிடித்திருந்தாள்.

"இடது" என்று மெதுவாகச் சொன்னாள்.

சத்தம் வரவில்லை.

அன்றைக்குப் பயத்தில் பெட்டியை மூடி வராந்தாவில் கொண்டுபோய் வைத்தாள். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பெட்டி கட்டிலில் இருந்தது. எலும்புகள் தோளிலிருந்து விரல் வரை, இடுப்பிலிருந்து பாதம் வரை வரிசையாகப் படுத்திருந்தன. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப் போகலாம்தான். எங்கே போவது? அண்ணன் வீட்டுக்குப் போனால் புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். பெரியக்கா நெடுநேரம் கதவில் சாய்ந்து நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். உயிரோடு இருக்கிற அவனைவிட இது மேல் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எட்டு நாள். தப்பாகச் சொன்னால் டக். சரியாகச் சொன்னால் அமைதி. ஒரு வருஷம் தலைகீழாக நின்றும் மண்டையில் ஏறாத பாடம் எட்டு நாளில் ஏறிவிட்டது.

ஒன்பதாம் நாள் அல்னாவைத் தடவிக்கொண்டிருந்தபோது நடுத்தண்டில் ஒரு மேடு விரலில் பட்டது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தாள். உடைந்து கூடின இடம். அதற்கு ஒரு விரல் தள்ளி இன்னொரு மேடு, அதுவும் கூடினதுதான். இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு விரிசல். அதன் ஓரம் கூராகவே இருந்தது. அது கூடவில்லை. கூட நேரம் கிடைக்கவில்லை.

அவள் தன் இடது முன்கையைத் தொட்டுப் பார்த்தாள். அதே இடத்தில் அதே மேடு. முகத்தில் விழுகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் உடைகிற இடம் அது.

பெரியக்கா அந்த எலும்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

வைவாவுக்கு முதல் நாள் மாலை பெட்டியோடு போய்ச் சாவியம்மாவிடம் அந்த எலும்பைக் காட்டினாள். சாவியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அந்த மேடுகளை விரலால் தடவினாள்.

"நம்ம தலைவர் சாரோட வீட்டம்மா ரெண்டு தடவை கையில மாவுக்கட்டோட இங்க வந்திருக்காங்க" என்றாள் கடைசியில். "இடது கைதான். கேட்டா, படியில விழுந்துட்டேன்னு சொல்வாங்க."

"நானும் படியிலதான் விழுந்தேன்" என்றாள் பெரியக்கா.

சாவியம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்புறம் ஒரு நாள் ஓடிப்போயிட்டாங்கன்னு சார் சொன்னாரு. நாங்களும் நம்பினோம். பாவி, எலும்பை ஒளிக்க எலும்பறையை விட நல்ல இடம் எது? கூடவே வெச்சிருந்திருக்கான். எங்கிட்டயே சாவியைக் குடுத்து வெச்சிருந்திருக்கான்." அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு அந்த ஆள் மேஜையில இந்தப் பெட்டியைத்தான் வைக்கப்போறேன்."

"வேண்டாம்மா. அவர்தான் மார்க் போடணும். நான் ஃபெயிலாயிடுவேன். ஃபெயிலானா நான் எங்க போகணும்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியுதும்மா" என்றாள் சாவியம்மா, அவள் இடது கையைப் பார்த்தபடி. ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையிலும் மழை விடவில்லை. தேர்வு அறையில் பச்சைத் துணி விரித்த மேஜை. அதன் ஒரு கோடியில் வெளியிலிருந்து வந்த பெண் தேர்வாளர் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கோடியில் எந்தப்பக்கம் சார். அவர் முன்னால் எண் இல்லாத பெட்டியின் எலும்புகள்.

அவர் முதலில் பார்க்கவில்லை. வழக்கம்போல் கைக்கு வந்ததை எடுத்து நீட்டினார். "எந்தப் பக்கம்?"

"இடது அல்னா சார்."

"சரி. வேற என்ன?"

அவர் விரல் அந்த மேட்டில் நின்றது. இரண்டாவது மேட்டுக்கு நகர்ந்தது. விரிசலுக்கு வந்தது. பெரியக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

அறையில் ஈர மண் வாசனை வந்தது.

அவர் எதிர்க்கோடியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னம்மா, இது உனக்கு மூணாவது தடவைதானே? இந்த உடைசல் எல்லாம் செத்தப்புறம் ஆனதுன்னு சொல்லு. சொல்லிட்டுப் போ. நீ பாஸ்."

ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அண்ணன் வாயை அடைக்கலாம். புருஷன் கண்ணில் படாமல் இன்னும் மூன்று வருஷம் இந்த ஊரில் இருக்கலாம். பெரியக்காவின் வாய் அந்த வாக்கியத்தைச் சொல்லத் திறந்தது. இடது கை விண்ணென்று வலித்தது.

"செத்தப்புறம் எலும்பு கூடாது சார்" என்றாள். "ரெண்டு தடவை கூடியிருக்கு. அப்போ ரெண்டு தடவையும் அவங்க உயிரோட இருந்திருக்காங்க. மூணாவது தடவைதான் கூடல."

அவர் எலும்பைக் கீழே வைத்தார். கோட்டுப் பையிலிருந்து சில்லை எடுத்து மேஜையில் வைத்தார். எதற்கு வைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது, கை பழக்கத்தில் செய்தது. "எந்தப் பக்கம்?" என்றார்.

சில்லு எந்தப் பக்கமும் சாயவில்லை.

அது நகர்ந்தது.

பச்சைத் துணியில் ஒரு சுருக்கம் விழ, மெல்ல மெல்ல நகர்ந்துபோய் ஃபீமரின் முனையில் உட்கார்ந்தது.

டக்.

முழங்கால் ஒரு பக்கம்தான் மடங்கும், பின்பக்கம். வகுப்பு வகுப்பாக அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

அவருடைய இடது முழங்கால் முன்பக்கமாக மடங்கியது.

அவர் நாற்காலியோடு சரிந்தார். எதிரில் நிற்கிற யாரையோ தடுப்பதுபோல இடது கையைத் தூக்கினார். அவருக்கு முன்னால் வெறும் காற்றுதான் இருந்தது.

டக்.

டக்.

மூன்றாவது சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு எக்ஸ்ரே எடுத்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அல்னா மூன்று இடத்தில் உடைந்திருந்தது. இடது முழங்காலில் சில்லே இல்லை. தோலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. உயிர் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு வருகிற நர்ஸிடமெல்லாம், "எந்தப் பக்கம் நிக்கிறா? எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியக்காவுக்கு மார்க் போட்டது அந்தப் பெண் தேர்வாளர். கடைசிப் பதிலை அவர் காதில் வாங்கியிருந்தார். நல்ல மார்க்.

விடுதிக்கு வந்தால் கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தது. சாவியம்மாவுக்கு ஃபோன் போட்டாள். தான் கொடுத்தனுப்பவில்லை என்று சாவியம்மா சத்தியம் செய்தாள். பெட்டியில் இப்போது ஒரு குறையும் இல்லை. பழைய சில்லு அதன் இடத்தில் இருந்தது. பக்கத்தில் இன்னொரு சில்லு, புதுசு, சுண்ணாம்பு வெள்ளை.

சாயங்காலம் அண்ணன் பேசினான். "பாஸா? சரி சரி. மாப்பிள்ளை காலையிலயே கிளம்பிட்டாரு, இந்நேரம் வந்திருப்பாரு. பாஸானா என்ன? படிச்சது போதும். குடும்பம்னு ஒண்ணு வேண்டாமா?"

பாஸானால் விடுதலை என்று நம்பியதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

பார்வையாளர் அறையில் அவள் புருஷன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு வலப்பக்கம், ஒரு கை தூரத்தில். வேறு யாரும் இல்லை.

"பெட்டி படுக்கையோட வந்துட்டியா? பரவாயில்ல, புத்தி வந்திருக்கு. கிளம்பு."

"ஒரு நிமிஷம்" என்றாள். பழைய சில்லை எடுத்து, கூர்முனை எதிர்ப்பக்கம் பார்க்க மேஜையில் வைத்தாள்.

"என்னடி இது?"

"முழங்கால் சில்லு. இடது. இடது சில்லு இடப்பக்கம்தான் சாயும். வேணும்னா பாருங்க."

அவள் கையை எடுத்தாள்.

ஈர மண் வாசனை மெல்ல அறையில் ஏறியது. சில்லு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

பிறகு வலப்பக்கம், அவனைப் பார்த்துச் சாய்ந்தது.