பாகீரதியின் கதையில் விஜயத்தின் பேய்

விஜயத்துக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை. தொண்டையில் சோறு இறங்காத பொறாமை.

எல்லாம் ஸ்ரீவராகம் தெருப் பிள்ளைகள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையால் வந்தது. மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுதுவார்கள். போன மாதம் பாகீரதியின் சிரிப்புக் கதையைப் பதினோரு பேர் புகழ்ந்திருந்தார்கள். விஜயத்தின் பேய்க் கதையைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

இந்த மாதம் யுத்தத்தால் காகிதத்துக்குப் பஞ்சம்.

"ஒரு கதைக்குத்தான் இடம். பாகீரதி கதையைப் போடலாம்," என்றான் பன்னிரண்டு வயதுப் பத்திராதிபர் சேஷன். "விஜயம், உன் கையெழுத்துதான் அழகு. நீயே பிரதி எடுத்துடு, கேட்டோ."

விஜயம் கதையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். ஆனாலும் எழுத உட்கார்ந்தாள்.

கதையில் ஒரு மாமா, மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது சீடை திருடப் போகிறார். ஜாடிக்குள் கை மாட்டிக்கொள்கிறது.

'இரு, இதைக் கெடுக்கிறேன்' என்று விஜயம் தன் பேயை உள்ளே விட்டாள். ஜாடிக்குள் ஒரு குளிர்ந்த கை மாமாவின் விரலைப் பிடித்தது. "மெதுவாக இழு. எனக்கும் பசிக்கிறது" என்றது.

எழுதியவளுக்கே சிரிப்பு வந்தது. கூடவே முதுகும் சில்லிட்டது.

அப்புறம்தான் பகீரென்றது. கேட்காமல் அடுத்தவள் கதையில் கை வைத்தாயிற்று. மையை அழிக்க முடியாது. வேறு காகிதமும் இல்லை. பேசாமல் சேஷனிடம் கொடுத்துவிடலாமா? மனசு கேட்கவில்லை. நேரே பாகீரதி வீட்டுக்குப் போனாள்.

"உன் கதையைக் கெடுக்கணும்னே எழுதினேன். பொறாமைடி. வேண்டாம்னா சேஷன்கிட்ட நானே ஒத்துக்கறேன்."

பாகீரதியின் முகம் சிவந்தது. வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"என் மாமா மாட்டிண்டு சும்மா முழிச்சார். இப்போ அவருக்கு என்ன ஆகுமோன்னு எனக்கே கவலையா இருக்கு," என்றாள். "அந்தக் கை அப்புறம் என்ன பண்ணித்து?"

"தெரியலை."

"அரைப் பக்கம் மிச்சம் இருக்கு. உக்காரு, ரெண்டு பேருமா முடிப்போம். கேக்காம எழுதினதுக்கு நாளைலேர்ந்து ரெண்டு நாள் உன்னோட பேச மாட்டேன்."

கதையின் கீழே இரண்டு பெயர்கள் வந்தன. பத்திரிகை தெருவைச் சுற்றித் திரும்பியபோது, கடைசிப் பக்கத்தில் சேஷனின் அம்மா எழுதியிருந்தாள்: "சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இப்போது சீடை ஜாடிக்குள் கை விடப் பயமாக இருக்கிறது."

பாகீரதி இரண்டாவது வரியின் மேல் விரல் வைத்தாள். "இது உனக்கு வந்ததுடி."

விஜயம் அந்த வரியை ஒன்பது தடவை படித்தாள். அன்று அவளுக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.