சாச்சி தைத்த அலைகள்

ஸஹ்லாவால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. நில் என்றால் ஒரு கால் ஆடும். அதை அடக்கினால் மற்றக் கால் ஆடும். இரண்டையும் அடக்கினால் வாய் ஆடத் தொடங்கிவிடும்.

அன்று அவளுக்குக் கிடைத்த வேலையோ நிற்பதுதான். உம்மா ருகையா ஒரு பெரிய குயில்ட் போர்வையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மேலே வண்ணத் துண்டுகள் இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். சுருட்டிவைத்தால் போர்வை பாயைவிடப் பருமனாக இருந்தது. தையல் மெஷினின் குட்டைக் கைக்கு அடியில் அது நுழையவே மறுத்தது. உம்மா முன்னாலிருந்து தள்ள, ஸஹ்லா பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"ஆடாதளா," என்றாள் உம்மா.

"நான் ஆடல உம்மா. போர்வதான் ஆடுது."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ருமைஸா சாச்சி சிரித்தாள். சாச்சி உம்மாவின் தங்கை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலது காலில் பலமில்லை. ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பாள். ஆனால் கையில் ஒரு பென்சில் கிடைத்தால் போதும். காகிதத்தின் ஒரு முனையில் வைத்த பென்சிலை எடுக்காமலே மறுமுனை வரை அலை, சங்கு, மீன் என்று ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். உம்மா போர்வைகளில் தைப்பதெல்லாம் சாச்சி வரைந்தவைதான்.

டக்கென்று ஊசி ஒடிந்தது.

உம்மா தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திருச்செந்தூரில் புதிதாகத் திறக்கப்போகும் லாட்ஜுக்கு, கட்டிலுக்கு ஒரு போர்வை தருவதாகச் சகோதரிகள் இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒன்றுகூட முடியவில்லை.

"இனிமே இதுல முடியாது ருமைஸா. நாளைக்கே போயி, கை நீளமான லாங் ஆர்ம் மெஷினைப் பாத்துட்டு வருவோம்," என்றாள்.

மறுநாள் காயல்பட்டினத்திலிருந்து மூவரும் பஸ் ஏறினார்கள். வழியில் உப்பளங்கள் வந்தபோது ஸஹ்லா இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். மூன்றாவது முறை எழுந்தபோது கண்டக்டர், "பாப்பா, ரெண்டு பக்கமும் ஒரே உப்புதான்," என்றார்.

முத்தையாபுரத்தில் காசிலிங்கம் அண்ணாச்சியின் மெஷின் கடை இருந்தது. உள்ளே இரண்டு லாங் ஆர்ம் மெஷின்கள். இரண்டுக்கும் கை, ஒட்டகத்தின் கழுத்துபோல நீளம்.

"இந்தா இது மேசையில பதிச்சது," என்று முதல் மெஷினைக் காட்டினார் அண்ணாச்சி. "ஒக்காந்து தைக்கலாம். ஆனா துணிய நீங்கதான் நகத்தணும். அங்கன இருக்கது பிரேம் மெஷின். துணிய உருளையில சுத்தி இழுத்துக் கட்டிட்டா அது அசையாது. மெஷின்தான் தண்டவாளத்துல போவும். நின்னுக்கிட்டுக் கைப்பிடியப் புடிச்சுத் தள்ளுனாப் போதும்."

உம்மா மேசை மெஷினில் ஒரு பெரிய போர்வையைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டாவது வரியிலேயே முகம் சுருங்கியது. கை நீளமாக இருந்தாலும் கனம் முழுவதும் தோளில்தான் விழுந்தது. பிறகு பிரேம் மெஷினின் கைப்பிடியைப் பிடித்தாள். அது தயிரில் விட்ட கரண்டிபோல வழுக்கிக்கொண்டு போனது.

"வேகமாத் தள்ளுனா வேகமாத் தைக்கும். மெதுவாப் போனா மெதுவாத் தைக்கும். எப்படிப் போனாலும் தையல் ஒரே அளவாத்தான் விழும். நீங்க நின்னா அதுவும் நின்னுரும்," என்றார் அண்ணாச்சி.

ஸஹ்லாவுக்கு அந்த மெஷினை உடனே பிடித்துவிட்டது. ஆடாதே என்று சொல்லாத மெஷினை அவள் அன்றுதான் பார்க்கிறாள்.

உம்மாவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி வாடியது. அவள் சாச்சியைப் பார்த்தாள். பிரேம் ஒரு கட்டிலைவிட நீளம். அதன் ஓரமாக நாள் முழுக்க நின்று, முன்னும் பின்னும் நடக்க வேண்டும்.

"பிரேமையே எடுங்கோ லாத்தா," என்றாள் சாச்சி அக்காவிடம் அவசரமாக. "நான் துணி வெட்டித் தாறேன். நீங்க தைங்கோ. அது போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய விரல்கள் ஊன்றுகோலின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தன. கண்களோ அந்த மெஷினின் ஊசியைவிட்டு நகரவில்லை. கையில் பென்சில் இருக்கும்போது சாச்சி பார்க்கிற பார்வை அது என்று ஸஹ்லாவுக்குத் தெரியும்.

அவளுக்கு என்னவோ போல் இருந்தது. சும்மா நிற்க முடியவில்லை. கல்லாவுக்கு அருகில் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சுவரைக் காலால் உதைத்தாள். நாற்காலி சர்ரென்று ஓடிவந்து பிரேமின் காலில் மோதி நின்றது.

"ஸஹ்லா, எறங்குளா கீழே," என்று அதட்டினாள் உம்மா.

இறங்கிய ஸஹ்லா, மோதிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிரேமின் இரும்புக் காலில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஓட்டைகள் இருந்தன.

"அண்ணாச்சி, இந்த ஓட்டை எதுக்கு?"

"ஒயரத்துக்குத்தான் பாப்பா. போல்ட்டைக் கழட்டி ஏத்தலாம், எறக்கலாம்."

"எவ்வளவு எறக்கலாம்?"

அண்ணாச்சி தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். ஸஹ்லா அந்தக் கையைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை உருட்டிக்கொண்டு சாச்சியிடம் ஓடினாள்.

"சாச்சி, நீங்க ஏன் நடக்கணும்? இதுல ஒக்காருங்கோ. நாற்காலி நடக்கும்."

"எனக்கு எதுக்குளா இதெல்லாம்," என்று சாச்சி பின்வாங்கினாள். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "இங்க யாரும் இப்படிக் கேட்டதில்ல," என்றவர், கடைப்பையனைக் கூப்பிடாமல் தானே குனிந்து போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்.

பிரேம் இறங்கியது. சாச்சி தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியின் கைகள் பிரேமில் இடித்தன. அண்ணாச்சி அவற்றையும் கழற்றினார். சாச்சி கைப்பிடியைப் பிடித்து மெஷினை முன்னால் தள்ளினாள். மெஷின் அசையவில்லை. சாச்சிதான் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றாள்.

சாச்சியின் முகம் சிவந்தது. "நான்தான் சொன்னேன்ல," என்று ஊன்றுகோலைத் தேடினாள்.

"இருங்கோ சாச்சி," என்றாள் ஸஹ்லா. "இடது கால் நல்லாத்தானே இருக்கு? அதைத் தரையில ஊனிக்கோங்கோ. பக்கவாட்டுல போவணும்னா மட்டும் தூக்குங்கோ. நான் பின்னால புடிச்சுக்கிடுறேன்."

சாச்சி இடது காலை ஊன்றினாள். மெஷின் மெல்ல நகர்ந்தது. பிரேமில் கட்டியிருந்த துணியில் முதல் அலை கோணலாக வந்தது. இரண்டாவது அலை முதல் அலையின்மேல் ஏறி விழுந்தது. மூன்றாவது மேலே எழுந்து, வளைந்து, இறங்கியது. ஸஹ்லா நாற்காலியைச் சற்றுத் தள்ளினாள். நான்காவது அலை வந்தது. ஊசி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

உம்மா அந்த அலைகளைத் தடவிப் பார்த்தாள். துப்பட்டா முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இதே மாதிரி நாற்காலி எங்கன கெடைக்கும்? ரெண்டு வேணும். எறக்குன பிரேம்ல எனக்கும் முதுகு வளையக் கூடாதுல்ல," என்றாள்.

"பெரிய பிரேம் இன்னும் ஒண்ணு இருக்கும்மா, காட்டட்டா?"

"வேண்டாம்," என்றாள் ஸஹ்லா முந்திக்கொண்டு. "அதைப் போட்டா வீடே அடைச்சுக்கிடும். அடுத்த வீட்டு மாமி எப்பவும்போல எங்க வீட்டு வழியாப் பின்னால இருக்க முடுக்குச் சந்துக்குப் போவ முடியாது. அப்புறம் பிரேமுக்கு அடியில தவழ்ந்துதான் போவணும்."

மாமி தவழ்வதை நினைத்து உம்மாவும் சாச்சியும் சிரித்த சிரிப்பில், என்ன விஷயம் என்று தெரியாத அண்ணாச்சியும் சிரித்தார்.

மெஷின் வீட்டுக்கு வந்த முதல் வாரம் பெரும் பாடாகத்தான் இருந்தது. போர்வையின் அடியில் நூல் கூடுபோலச் சிக்கியது. அண்ணாச்சி போனில் சொல்லச் சொல்ல, உம்மா நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தாள். சாச்சி தைத்ததைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். பள்ளிவிட்டு வந்ததும் ஸஹ்லா நாற்காலியின் பின்னால் நிற்பாள். சாச்சி "ம்" என்றால் தள்ள வேண்டும். "ம்ம்" என்றால் நிறுத்த வேண்டும்.

லாட்ஜின் முதல் போர்வையில் கடைசி வரி நடந்துகொண்டிருந்த மாலை அது. தெருவில் பிள்ளைகள் ஸஹ்லாவைக் கூப்பிட்டார்கள். அவள் கால்கள் பரபரத்தன. சாச்சி "ம்" என்றாள். ஸஹ்லா தள்ளுவதற்குக் கை நீட்டினாள்.

அதற்குள் நாற்காலி நகர்ந்துவிட்டது. சாச்சி இடது காலால் தரையை மெல்ல உந்தினாள், ஊன்றினாள், மெஷினை வளைத்தாள். மறுபடி உந்தினாள். ஸஹ்லா பின்னாலிருந்து வாசலுக்கு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போர்வையின் ஓரம் வரை போய்ச் சேர்ந்தன.

சாச்சி திரும்பிப் பார்த்தாள். வாசல்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக ஸஹ்லா நின்றுகொண்டிருந்தாள்.

"எங்களா போறே?"

"வெளயாட. நீங்கதான் தனியாவே போறீங்களே சாச்சி."

சாச்சி கீழே தன் காலைப் பார்த்தாள். தைத்துமுடித்த வரியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை உந்தி, பிரேமின் மறுமுனைக்குப் போனாள்.

"லாத்தா," என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், "சீக்கிரம் வாங்கோ. அடுத்த போர்வைய மாட்டணும்."